பொறியில் வடை போகிறது, எலி மாட்டவில்லை: எலித்தொல்லைக்கு அறிகுறி பார்த்து வழி

"எலிக்கு ஏதாவது குடுங்க" என்று கடையில் கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்துத் தருவார்கள். ஒரு தடவை கூண்டு, ஒரு தடவை பசை அட்டை, ஒரு தடவை கேக். வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு எலி ரொம்ப விவரம்" என்று சொல்லிக்கொள்வோம். எலி விவரமா இல்லையா என்பது அப்புறம். வந்திருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர் வீடுகளுக்குள் வந்துபோவது நாலு ஆசாமிகள்: சுண்டெலி, வீட்டெலி, பெருச்சாளி, மூஞ்சூறு. ஒன்றுக்குப் பலிக்கிற வழி இன்னொன்றுக்குப் பலிக்காது.

கீழே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

எல்லாருக்கும்: முதலில் புழுக்கையைப் பாருங்கள்

எலியை நேரில் பார்ப்பது அபூர்வம். பார்த்தாலும் அலறுகிற அவசரத்தில் அளவு சரியாகத் தெரியாது, எல்லா எலியும் பூனை சைஸில்தான் தெரியும். புழுக்கை பொய் சொல்லாது.

3 முதல் 6 மி.மீ. நீளத்தில், முனை கூராக, சீரகம் மாதிரி சிதறிக் கிடந்தால் சுண்டெலி. ஒரே ஒரு சுண்டெலி ஒரு நாளில் ஐம்பதுக்கு மேல் போடும். அதனால் அள்ளும்போது ஒரு பட்டாளமே வந்திருப்பதாகப் பயப்பட வேண்டாம். ஒரு செ.மீ.க்கு மேல் நீளமாக, லேசாக வளைந்திருந்தால் வீட்டெலி. உடம்பைவிட வால் நீளமாக இருக்கும், பரண், கூரை, கேபிள் ஒயர் என்று மேலேயே திரியும். இரண்டு செ.மீ. வாக்கில் தடியாகக் கொல்லைப்புறத்தில் கிடந்தால் பெருச்சாளி. ஈரமாக, மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடையோடு சுவர் ஓரத்தில் கிடந்தால் மூஞ்சூறு.

கருப்பாக, மினுமினுப்பாக, அழுத்தினால் நசுங்கினால் நேற்றைய சமாசாரம். சாம்பல் நிறமாகி உதிர்ந்தால் பழசு. எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு மறுநாள் காலையில் எங்கே புதிதாகக் கிடக்கிறது என்று பாருங்கள். பொறி வைக்க வேண்டிய இடம் அதுதான்.

துடைப்பது என்று சொன்னேன், பெருக்குவது என்று சொல்லவில்லை. காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்குக்குப் போகும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பழைய பேப்பரால் எடுத்துக் கட்டிப் போடுங்கள்.

வரும் வழி தெரியவில்லையா? ராத்திரி படுக்கப் போகும் முன் சந்தேகமான இடங்களில், ஃபிரிட்ஜ் பக்கம், சிங்க் அடி, கதவு ஓரம் என்று, கோலமாவை மெல்லிசாகத் தூவிவிடுங்கள். காலையில் காலடியும் நடுவே வால் இழுத்த கோடும் அப்படியே பதிந்திருக்கும். கோடு எந்தச் சந்தில் போய் முடிகிறதோ அதுதான் வாசல். கல்மாவாக இருக்கட்டும். அரிசிமாவில் கோலம் போடும் வீட்டார் இதற்கு மட்டும் வேறு மாவு வாங்குங்கள், இல்லாவிட்டால் விருந்து வைத்த கதைதான்.

அறிகுறி: அரிசி மூட்டை மூலையில் ஓட்டை, பருப்புப் பாக்கெட் கிழிசல், ஷெல்பில் சின்னப் புழுக்கை

சுண்டெலி. நல்ல செய்தி என்னவென்றால் இது தூரமாகப் போகாது. கூட்டிலிருந்து மூன்று மீட்டர், மிஞ்சினால் பத்து மீட்டர், அவ்வளவுதான் அதன் உலகம். சமையலறையில் கொறிக்கிறது என்றால் பெரும்பாலும் சமையலறையிலேயே குடியிருக்கிறது. ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் பக்கச் சூடு, அடுப்பு மேடை அடியில் போட்டு வைத்த பழைய துணிப்பை, அட்டைப்பெட்டி, இவற்றை முதலில் இழுத்துப் பாருங்கள். பொடிப்பொடியாகக் கிழித்த காகிதமும் துணியும் பந்தாகக் கிடந்தால் அதுதான் கூடு.

இரண்டாவது நல்ல செய்தி, சுண்டெலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் ஆர்வம். பொறி வைத்த முதல் ராத்திரியே வந்து முகர்ந்து பார்க்கும். அதனால் முதல் ராத்திரிதான் முக்கியம். ஒரு பொறியை வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட, ஐந்தாறு பொறியை ஒரே ராத்திரியில் வைப்பது மேல். டெல்டா வயல்களில் மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டியை வரப்பு நெடுக ஒரே இரவில் வரிசையாக வைப்பார்கள், ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள். வீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

வைக்கும் இடம் சுவர் ஓரம். எலி நடுக்கூடத்தில் நடக்காது, மீசை சுவரில் உரச ஓரமாகத்தான் ஓடும். கம்பி வந்து அடிக்கும் பலகைப் பொறியை இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். இரண்டு பொறிக்கு நடுவே இரண்டு மூன்று மீட்டர் போதும்.

சுண்டெலிக்குத் தண்ணீர் வைக்காமல் பட்டினி போடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு கிராம் தானியம் கிடைத்தால் அதிலிருக்கும் ஈரத்திலேயே காலம் தள்ளும். இருந்தாலும் அரிசியையும் பருப்பையும் எவர்சில்வர் டின்னுக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் டப்பாவை அது கடித்தே திறந்துவிடும். கொறித்த மூட்டையில் மேலாக அள்ளிப் போட்டுவிட்டு மீதியைச் சமைக்கலாமா என்று ஒரு சபலம் வரும். வேண்டாம், போகிற வழியெல்லாம் சிறுநீர் சொட்டிக்கொண்டே போகிற பிராணி அது.

அறிகுறி: பொறியில் இரை காலி, எலி இல்லை

அதிகம் பேர் புலம்புவது இதற்குத்தான். காரணம் பெரும்பாலும் பொறியில் இருக்கும், எலியின் புத்திசாலித்தனத்தில் இருக்காது.

மரப்பெட்டிப் பொறியா? உள்ளே தொங்கும் கொக்கியை இழுத்தால்தான் கதவு விழும். ஆறிப்போன மசால்வடை உதிரும், எலி கொக்கியை அசைக்காமலே ஓரம் ஓரமாகக் கொறித்து முடித்துவிடும். மசால்வடைக்கு மணம் உண்டு, பிடிமானம் கிடையாது. தேங்காய்ச் சில்லை அடுப்புத் தீயில் ஓரம் கருகும் அளவு வாட்டிக் கொக்கியில் நன்றாகக் குத்திவிடுங்கள். மணமும் தூக்கும், தின்ன வேண்டுமென்றால் இழுத்தே ஆக வேண்டும். கருவாட்டுத் துண்டு என்றால் நூலால் இரண்டு சுற்றுக் கட்டிவிடுங்கள். அளவு சுண்டுவிரல் நகம் அளவு போதும். பெரிய துண்டு வைத்தால் வெளியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போய்விடும்.

இரை சரிதான் என்றால் கொக்கியைச் சோதியுங்கள். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டவுடன் கதவு விழ வேண்டும். விழவில்லை என்றால் துரு. உப்புத்தாளால் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பலகைப் பொறியில் கொக்கி எவ்வளவு நுனியில் மாட்டியிருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அடிக்கும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. கூண்டின் கம்பி இடைவெளி. பெரிய எலிக்குச் செய்த கூண்டில் கம்பிக்குக் கம்பி ஒரு செ.மீ. இருக்கும். சுண்டெலி உள்ளே போய், கதவும் விழுந்து, சாவகாசமாகத் தின்றுவிட்டுக் கம்பி வழியே வெளியே வந்துவிடும். கதவு மூடியிருக்கிறது, இரை இல்லை, எலியும் இல்லை என்றால் மாயமந்திரம் ஒன்றுமில்லை. சின்னக் கண்ணி வலை போட்ட கூண்டுக்கு மாறுங்கள்.

அறிகுறி: பொறி வைத்து நாலு நாள் ஆகிறது, தொடவே இல்லை

வீட்டெலி. சுண்டெலிக்கு நேர் எதிர்க் குணம் இதற்கு. தினம் போகிற வழியில் புதிதாக ஒன்றைக் கண்டால் சில நாள் சுற்றிப் போகும். இதற்கு அவசரம் உதவாது. பொறியை வைத்துக் கொக்கியை மாட்டாமல், கதவைக் கட்டித் திறந்தே விடுங்கள். மூன்று நான்கு ராத்திரி இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள். இரை தொடர்ந்து காலியாக ஆரம்பித்த பிறகு ஒரு ராத்திரி கொக்கியை மாட்டுங்கள். நடுவில் ஆசைப்பட்டுப் பொறியை வேறு இடத்துக்கு மாற்றினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

பக்கத்திலேயே திறந்த குப்பைக்கூடையும் சோற்றுப்பானையும் இருந்தால் உங்கள் தேங்காய்ச் சில்லை அது ஏன் தேடி வரப்போகிறது? பழக்கும் நாட்களில் சமையலறையை ராத்திரி துடைத்து வையுங்கள்.

அறிகுறி: ராத்திரி தலைக்கு மேல் ஓட்டம், பரணில் உருட்டல், மொட்டைமாடித் தேங்காயில் வட்டமான ஓட்டை

இதுவும் வீட்டெலிதான், ஆனால் வழி மேலிருந்து. வெளியே போய் வீட்டை அண்ணாந்து பாருங்கள். சுவரைத் தொடும் முருங்கைக் கிளை, மாடிக்கு வரும் கேபிள், அடுத்த வீட்டுக் கைப்பிடிச் சுவர், இவைதான் பாலம். கிளையைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். வாசலில் தென்னை இருந்தால் தோப்புகளில் செய்வதுபோல் மரத்தைச் சுற்றித் தகரப் பட்டை அடிக்கலாம், வழுவழுப்பில் நகம் பிடிக்காது. பொறியைத் தரையில் வைத்துப் பிரயோசனம் இல்லை. பரண் மேலேயே, அது ஓடி ஓடிக் கறுத்துப் போன தடத்தில் வையுங்கள்.

இதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும். ஒழுகும் குழாய், ஏசித் தண்ணீர் சொட்டும் பக்கெட், மூடாத தொட்டி, இவற்றைச் சரிசெய்தால் பாதிப் பிடிப்பு போய்விடும்.

அறிகுறி: சுவர் ஓரமாக ஓடும்போது கீச் கீச் சத்தம், போன பிறகும் ஒரு வாடை

மூஞ்சூறு. பெயரிலேயே எலி இல்லை, உண்மையிலும் இல்லை. கொறிக்கும் பிராணி வகையிலேயே சேராது, கரப்பான், புழு, பூச்சி தின்னும். உங்கள் அரிசி மூட்டை ஓட்டைக்கு இது பொறுப்பில்லை. தானியத்தில் கலந்த எலி மருந்தை வைத்து இதைப் பிடிக்க நினைப்பது வீண். பிள்ளையார் வாகனம் என்று பலர் அடிக்க மாட்டார்கள், அடிக்க அவசியமும் இல்லை. வருவது சமையலறைத் தண்ணீர் போகும் துளை வழியாக அல்லது பின்கதவு அடிச்சந்து வழியாக. துளைக்கு இரும்புச் சல்லடை, கதவடிக்கு ரப்பர் வைத்த அலுமினியப் பட்டை. கரப்பானை ஒழித்தால் அதற்கு வர வேலையும் இருக்காது.

அறிகுறி: காம்பவுண்டு ஓரம் மண் குவியல், தரை உள்வாங்குகிறது, பாத்ரூம் ஜாலி நகர்ந்து கிடக்கிறது

பெருச்சாளி. ஒரு கிலோ வரை எடை வரும், தோண்டுவதில் மன்னன். சுண்டெலிக் கூண்டு இதன் தலைக்கே போதாது. இரும்புக் கூண்டு பெரிதாக வேண்டும், கருவாட்டுத் தலை நன்றாக இழுக்கும். பொந்தை மண்ணால் மூடினால் மறுநாள் திறந்திருக்கும். நம் கொத்தனார்கள் செய்வதுபோல் உடைந்த கண்ணாடியும் ஜல்லியும் சிமெண்டில் கலந்து இறுக்கி அடைப்பதுதான் நிற்கிறது. சேம்பர் மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள். பாத்ரூம் ஜாலி சும்மா உட்கார்ந்திருக்கும் வகை என்றால் திருகு வைத்ததாக மாற்றுங்கள்.

அறிகுறி: கேஸ் வாடை, வாஷிங் மெஷின் நின்றுவிட்டது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்க்க எதையாவது கடித்தாக வேண்டும். ரப்பரும் ஒயரும் தோதான பொருள்கள்.

கேஸ் வாடை வந்தால் எலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னல் கதவைத் திறங்கள், எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். பழைய ரப்பர் டியூப் என்றால் உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய்க்கு மாறுங்கள். அதையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வாஷிங் மெஷின் பலவற்றுக்கு அடிப்பக்கம் திறந்தே இருக்கும். கீழே எலி வலை போட்டிருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை. இல்லையென்றால் கம்பி வலை போடச் சொல்லுங்கள். நிறுத்தியே வைத்திருக்கும் கார்தான் எலிக்குப் பிடித்த வீடு. வாரம் இரண்டு தடவை எடுத்து ஓட்டுங்கள், ராத்திரி பானெட்டைத் திறந்து வைத்தாலும் இருட்டும் கதகதப்பும் போய்விடும்.

அறிகுறி: பிடித்துக்கொண்டே இருக்கிறோம், தீரவே இல்லை

வாசல் திறந்திருக்கிறது. சுண்டெலி நுழைய 6 மி.மீ. சந்து போதும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், பென்சில் நுழையும் இடமெல்லாம் சுண்டெலியும் நுழையும். ஏசிக் குழாய் போகும் துளையில் மெக்கானிக் அப்பிவிட்டுப் போன வெள்ளைப் பசை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓரம், சிங்க் பைப் சுவருக்குள் போகும் இடம், ஸ்லைடிங் ஜன்னலின் தண்ணீர்த் துளை, கதவு நிலையின் அடிமூலை. அடைக்கத் தெர்மாகோல், துணி, ஃபோம் எதுவும் வேண்டாம், கடித்துத் துப்பிவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். நைலான் கொசுவலை இருக்கும் ஜன்னலில் கீழ் ஓரத்துக்காவது ஸ்டீல் வலை போடுங்கள்.

ஒன்றைப் பிடித்ததும் ஓய்ந்துவிடக் கூடாது. சுண்டெலிக்குக் கர்ப்பம் மூன்று வாரம்தான், ஒரு ஈட்டில் ஐந்தாறு குட்டி, அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் குடும்பம் நடத்தத் தயார். புதுப் புழுக்கை நின்று இரண்டு வாரம் வரை பொறிகள் இருக்கட்டும். அப்புறம், கூண்டோடு தூக்கிப் போய் அடுத்த தெரு முனையில் திறந்துவிடுவது புண்ணியக் கணக்கில் சேரலாம், எலிக் கணக்கில் சேராது. அது திரும்பி வரும், இல்லாவிட்டால் அந்தத் தெருக்காரர் வீட்டுக்குப் போகும்.

நாப்தலின் உருண்டை, புதினா, கற்பூரம் எல்லாம் ஓரிரு நாள் ஒதுங்க வைக்கும். பிளக்கில் சொருகும் அல்ட்ராசானிக் கருவிக்குக் காசு போடாதீர்கள். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001லேயே இந்தக் கருவி விற்பவர்களுக்கு, அறிவியல் ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பசை அட்டையும் எனக்கு ஒப்பவில்லை. எலி உயிரோடு மணிக்கணக்கில் துடிக்கும், இந்திய விலங்கு நல வாரியமும் அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தவறிப் பல்லியோ அணிலோ ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெயை மெல்லத் தடவி விடுவிக்கலாம்.

அறிகுறி: மருந்து வைத்தோம், எலி போச்சு, வீடு நாறுகிறது

எலி மருந்து தின்ற எலி வெளியே போய்த்தான் சாகும் என்பது வெறும் நம்பிக்கை. நம் வீடுகளில் அது பீரோவுக்குப் பின்னாலும் ஃபால்ஸ் சீலிங்கிலும்தான் கிடக்கும். எறும்பு வரிசையையும் பளபளக்கும் பச்சை ஈயையும் பின்தொடர்ந்து போங்கள், இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எட்டாத இடம் என்றால் ஜன்னலைத் திறந்து பொறுத்துக்கொள்வதுதான். சுண்டெலி ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், பெரிய எலி இரண்டு வாரம்கூட இழுக்கும்.

இதனால்தான் வீட்டுக்குள் மருந்து என் கடைசித் தேர்வு. வைத்தே ஆக வேண்டுமென்றால் புரோமாடியோலோன் கேக், அதுவும் குழந்தையோ நாயோ திறக்க முடியாத பெட்டிக்குள். இது ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்வது, தின்ற நாலைந்து நாள் கழித்துத்தான் பலிக்கும். மறுநாளே சாகவில்லை என்று மேலும் மேலும் வைக்காதீர்கள். தவறி யாராவது தின்றால் வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு.

மாற்று மருந்தே இல்லாதவையும் இருக்கின்றன. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது. அதைத் தின்றவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலவே தெரியும், அதன் பிறகு கல்லீரல் கெடும். "ஒண்ணும் ஆகல" என்று வீட்டில் வைத்துக்கொள்வதுதான் இதில் ஆபத்து. பாஸ்பைடு வகைகள் ஈரமும் அமிலமும் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டு ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். ஆள் வைத்து மருந்து வைக்கச் சொன்னால் என்ன மருந்து என்று பெயர் கேளுங்கள். பொடியாகவோ மாத்திரையாகவோ படுக்கையறையில் வைக்க விடாதீர்கள். எந்த எலி மருந்தானாலும் யாராவது விழுங்கியது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐ அழையுங்கள், மருந்து அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

அறிகுறி: எலி கடித்துவிட்டது, அல்லது சுத்தம் செய்த சில நாளில் காய்ச்சல்

கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். டிடி ஊசி தேவையா என்று அவர் சொல்வார். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை பிடித்து வலி, கண் சிவப்பு என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகவே உள்ளே போகும், வெளியே தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆரம்பத்திலேயே பார்த்தால் மாத்திரையில் கேட்கும். அதனால் டாக்டரிடம் போகும்போது "வீட்டில் எலி இருந்தது, நான்தான் சுத்தம் செய்தேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாது.